கோப்பைக்குள் ஓர் அஞ்சறைப்பெட்டி

கம்பம் பள்ளத்தாக்கில் என் மனைவியின் பிறந்த வீட்டுக்குப் பின்னால் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேலே பந்தல் போட்டிருக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் அதற்குக் கீழே கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால், மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று இலைகளுக்குள் புகுந்து வரும். அப்படி ஒரு சாயங்காலம், மெல்போர்னிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் மைத்துனன், வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாகக் கொண்டுவந்த இரண்டு பாட்டில்களில் ஒன்றை எடுத்து வந்தான். விக்டோரியா மாநிலத்தின் மேற்கே கிராம்பியன்ஸ் என்ற குளிர்ந்த மலைப்பகுதியில் விளைந்த ஷிராஸ் திராட்சையின் ஒயின். மூடியைத் திருகினான். ஆளுக்குக் கால் கிளாஸ் ஊற்றினான்.

குடிப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்த்தேன். பழ வாசனைக்குப் பின்னாலிருந்து வேறொன்று எட்டிப் பார்த்தது.

"மாப்ள, மிளகு வாசனை அடிக்குதே."

அவனும் கிளாஸுக்குள் மூக்கை விட்டு இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே மச்சான். பழ வாசனைதான் வருது. பாட்டில் பின்னால மிளகுன்னு போட்டிருக்கான். அதைப் படிச்சிட்டுச் சொல்றீங்க."

படித்திருந்தேன் என்பது உண்மைதான். அவன் எழுப்பிய ஐயம் சாதாரணமானதும் அல்ல. ஒயின் பற்றிப் பேசுகிறவர்கள் மிளகு, வெண்ணெய், ரோஜா, ஈரமண் என்று அடுக்கும்போது கேட்பவர் மனதில் எழும் கேள்வி அது: இந்த வாசனையெல்லாம் கோப்பைக்குள் இருக்கிறதா, சொல்பவரின் தலைக்குள் இருக்கிறதா? இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

தலைக்குள் இருக்கிறது என்பதற்கு வலுவான சாட்சி உண்டு. பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனை ஒன்று 2001-இல் வெளியானது. ஜில் மோரோ, ஃப்ரெடெரிக் ப்ரோஷே, தெனி துபூர்தியோ என்ற மூவர் செய்தது. வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். வெள்ளை ஒயினாக இருந்தபோது வெளிறிய நிறமுள்ள பழங்களையும் தேனையும் வைத்து வர்ணித்த அதே மாணவர்கள், சாயம் ஏறியதும் செந்நிற, கருநிறப் பழங்களின் பெயர்களைச் சொன்னார்கள். கண் சொன்னதை மூக்கு ஏற்றுக்கொண்டது. ஒயின் வர்ணனை முழுவதும் பொய் என்பதற்கு ஆதாரமாக இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. சோதனை அவ்வளவு தூரம் போகவில்லை என்பது என் கருத்து. பார்வையும் எதிர்பார்ப்பும் மூக்கை இழுத்துக்கொண்டு போகும் என்பதை அது காட்டியது. இழுத்துக்கொண்டு போக அங்கே வாசனை எதுவுமே இல்லை என்று அது காட்டவில்லை.

அப்படியானால் லேபிளைப் படிக்காத மூக்கு ஒன்று வேண்டும். என் மாமியார் அடுப்படியில் இருந்தார். அவர் ஒயினைத் தொட்டதில்லை, ஆங்கிலமும் வாசிக்க வராது. எதுவும் சொல்லாமல் கிளாஸை நீட்டி, "அத்தை, இதை மோந்து மட்டும் பாருங்க, என்ன வாசனை வருது?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடினார்.

"ரசத்துக்கு மிளகு தட்டின உரல் மாதிரி இருக்கு. கழுவுறதுக்கு முன்னாடி."

ஐம்பது வருடம் அஞ்சறைப்பெட்டியோடு புழங்கிய மூக்கு அது. மிளகு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. உரல் என்றார், கழுவுவதற்கு முன்னால் என்றார். எந்த ஒயின் நூலிலும் நான் இவ்வளவு துல்லியமான குறிப்பைப் படித்ததில்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் ஒயின் ஆய்வு நிறுவனம் இந்த மிளகைப் பல ஆண்டுகள் துரத்தியது. சில ஷிராஸ் ஒயின்களில் மிளகு மணக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எந்த மூலக்கூறு அதற்குக் காரணம் என்று யாருக்கும் தெரியவில்லை. வாசனைப் பொருளைத் தேட ஒரு முறை இருக்கிறது. சாற்றை ஆவியாக்கி நீளமான மெல்லிய குழாய்க்குள் செலுத்துவார்கள். ஒவ்வொரு மூலக்கூறும் தன் இயல்புப்படி வெவ்வேறு நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். வருவதில் ஒரு பங்கு கருவிக்குப் போகும். இன்னொரு பங்கு ஒரு கண்ணாடிப் புனல் வழியாக வெளியே வரும், அங்கே ஒரு மனிதர் மூக்கை வைத்து உட்கார்ந்திருப்பார். எந்த நிமிடத்தில் எந்த வாசனை வந்தது என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வார்கள். விலை உயர்ந்த கருவிக்குப் பக்கத்தில் மனித மூக்கும் ஒரு கருவியாக உட்கார்ந்திருக்கும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. சில வாசனைகளை இன்றும் கருவியைவிட மூக்குதான் முதலில் பிடிக்கிறது.

2008-இல் விடை வெளியானது. அந்த மூலக்கூறின் பெயர் ரோட்டண்டோன். ஒயினில் இருக்கும் அதே ரோட்டண்டோன்தான் நம் கருமிளகிலும் வெண்மிளகிலும் இருக்கிறது. மிளகின் காரம் பைப்பரின் என்ற வேறு பொருளால் வருகிறது, அது நாக்கையும் தொண்டையையும் சுடும். மிளகைத் தட்டியதும் எழுந்து வரும் அந்த மணத்தின் முதுகெலும்பு ரோட்டண்டோன். மிளகு மணம் தூக்கலாக இருக்கும் ஒயினில் இருப்பதைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு மிளகில் இருக்கிறது. அத்தைக்கு உரல் நினைவு வந்தது உவமைக்காக அல்ல. உரலில் இருந்ததும் கிளாஸில் இருந்ததும் ஒரே பொருள்.

எவ்வளவு இருந்தால் மூக்குக்குத் தெரியும்? சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் போதும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் ரோட்டண்டோனை 6 கோடியே 25 லட்சம் லிட்டர் ஒயினில் கலந்தாலும் மிளகு மணம் மூக்கில் தட்டுப்படும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் ஊற்றினால் ஐயாயிரம் லாரிக்கு மேல் வரும்.

பெயருக்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. ரோட்டண்டோன் என்ற பெயர் ஒயினிலிருந்தும் வரவில்லை, மிளகிலிருந்தும் வரவில்லை. சைப்பெரஸ் ரொட்டண்டஸ் என்ற செடியின் கிழங்கிலிருந்து இந்தப் பொருளை 1960-களிலேயே பிரித்தெடுத்திருந்தார்கள். அதன் மணம் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்தச் செடி நமக்குப் புதிதல்ல. கோரை. அதன் கிழங்குதான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கோரைக்கிழங்கு, முத்தக்காசு. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கோடு சேர்த்து அரைத்துக் குளியல் பொடியாகத் தேய்த்துக்கொள்கிறோம். வயலில் களையாகப் பிடுங்கி எறிகிறோம். ஒரு குளிர்நாட்டுத் திராட்சையின் மணத்துக்கு உலக ஆய்விதழ்கள் வழங்கும் பெயர் இந்தக் களையிலிருந்து போயிருக்கிறது.

மைத்துனன் கட்சிக்கு வருவோம். அவனுக்கு ஏன் மிளகு தெரியவில்லை? அதே 2008 ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் சுமார் 20 விழுக்காட்டினருக்கு ரோட்டண்டோன் தெரியவே இல்லை. வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம் கலந்து கொடுத்தும் தெரியவில்லை. மற்றவர்கள் அதே தண்ணீரில் 8 நானோகிராமிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நம் மூக்கின் மேற்கூரையில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த மரபணுக்கள் மனிதருக்கு மனிதர் வேறுபடுகின்றன. ஒருவருக்குத் திறக்கும் பூட்டு இன்னொருவருக்குத் திறக்காது. மிளகு ரசத்தின் வாசனை மைத்துனனுக்குத் தெரியும், ஏனென்றால் மிளகில் வேறு பல மணப்பொருள்களும் உண்டு. ஒயினில் மிளகு மணத்துக்கு ரோட்டண்டோன் மட்டுமே நின்றதால் அவனுக்கு அங்கே மிளகே இல்லை. அவன் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. ஒயினைப் பற்றி இருவர் சண்டை போட்டால் இருவரும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதை நான் அன்று முதல் மறப்பதில்லை.

மூக்கு என்று சொல்கிறேன். பாதி வேலை வாய்க்குள்தான் நடக்கிறது. சளி பிடித்தால் ரசம் சப்பென்று ஆகிவிடுவது ஏன்? நாக்கில் புளிப்பும் உப்பும் அப்படியே இருக்கும். போய்விட்டது மணம். விழுங்கும்போது வாயின் பின்புறம் வழியாகக் காற்று மூக்குக்கு ஏறும் பாதை அடைத்துக்கொள்கிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கொல்லைப்புற வழியாக வரும் வாசனைதான். ஒயின் சுவைப்பவர்கள் வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சம் காற்றை உறிஞ்சுவதும், கிளாஸைச் சுழற்றுவதும், கிளாஸை நிரப்பாமல் கால் பங்கோடு நிறுத்துவதும் இந்த ஆவியைத் திரட்டுவதற்காகத்தான்.

நாக்குக்கென்று மிச்சம் இருப்பதில் தமிழுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. சிவப்பு ஒயினைக் குடித்ததும் பல்லும் ஈறும் காய்ந்து இழுப்பதுபோல் இருக்கும். முதன்முறை குடிக்கும் மேலைநாட்டவர் பலர் அதைக் கசப்பு என்று தவறாகச் சொல்வார்கள். நமக்கு அதற்குத் தனிச்சொல் இருக்கிறது: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். நாவல்பழம், வாழைப்பூ, பாக்கு, கடுக்காய் தின்று பழகிய வாய்க்கு ஒயினின் துவர்ப்பை யாரும் கற்றுத்தர வேண்டாம். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலின் வழவழப்பான புரதங்களைப் பிடித்து உறைய வைக்கிறது. வழவழப்பு போனதும் நாக்கு சொரசொரப்பாகிறது. அறிவியல்படி அது சுவையைவிடத் தொடு உணர்வுக்கு நெருக்கம். வாழைப்பூவை மோரில் ஊறப்போட்டுத் துவர்ப்பை எடுப்பவர்கள், பாலாடைக்கட்டியோடு துவர்க்கும் ஒயினைக் குடிக்கும் பிரெஞ்சுக்காரரின் காரணத்தைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். இரண்டு இடத்திலும் பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது.

சொற்களைப் பொறுத்தவரை ஒயின் உலகம் நம்மைக் கொஞ்சம் வெளியே நிறுத்தியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியர் 1984-இல் ஒயின் வாசனைச் சக்கரம் ஒன்றை வெளியிட்டார். கம்பீரம், நளினம் போன்ற சொற்களை ஒதுக்கிவிட்டு, தொட்டுக்காட்டக்கூடிய பொருள்களின் பெயர்களை மட்டும் வைத்து மணங்களை வகைப்படுத்தினார். மிகப் பெரிய உதவி அது. ஆனால் அதில் வரும் பிளாக்கரண்ட் நமக்கு ஐஸ்கிரீம் கடையில் மட்டுமே அறிமுகம். ராஸ்பெர்ரியை எத்தனை பேர் பறித்துத் தின்றிருக்கிறோம்? இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு ஒயினை அணுகுகிறவர், தான் அறியாத பழத்தைத் தான் அறியாத பானத்தில் தேடிக்கொண்டிருப்பார். அதில் இன்பம் எங்கிருந்து வரும்? நம் அடுப்படியில் தேடினால் போதும் என்பதற்கு மிளகைத் தவிர வேறு சான்றுகளும் இருக்கின்றன.

வெந்தயத்தை வெறும் வாணலியில் வறுக்கும்போது, கசப்பு நெடிக்கு முன்னால் இனிப்பாக ஒரு மணம் வருமே, அதன் பெயர் சோட்டலோன். வெந்தயம் நிறையச் சாப்பிட்ட மறுநாள் வியர்வையில்கூட அதே மணம் வரும். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் சவான்யன் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து 'வான் ஜோன்' என்ற மஞ்சள் ஒயினைச் செய்கிறார்கள். வழக்கமாக ஒயின் பீப்பாயில் ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவார்கள். இங்கே நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில் காற்று நிற்கும், ஒயினின் மேல் ஈஸ்ட் ஓர் ஆடையாகப் படியும். பால் ஆடை மாதிரி. அந்த ஆடைக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது சோட்டலோன் மெல்லச் சேர்கிறது. அறுவடைக்குப் பிறகு ஆறு ஆண்டுக்கு மேல் முதிர வைத்தே விற்க வேண்டும் என்பது சட்டம். பிறகு 62 சென்டிலிட்டர் கொள்ளும் கட்டைக்குட்டையான பாட்டிலில் அடைக்கிறார்கள், ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது அவ்வளவுதான் என்பார்கள். லூயி பாஸ்டர் வளர்ந்த ஊரான ஆர்புவா இந்த ஜூராவில்தான் இருக்கிறது. ஒயின் ஏன் கெடுகிறது, காற்று அதை எப்படி மாற்றுகிறது என்ற அவருடைய ஆய்வுகள் 1866-இல் நூலாக வந்தன. விலை உயர்ந்த, எளிதில் கிடைக்காத அந்த மஞ்சள் ஒயினை நம்மில் பெரும்பாலோர் குடிக்கப் போவதில்லை. ஆனால் அதன் உயிரான மணம் நம் வெந்தய டப்பாவுக்குள் இருக்கிறது.

தனியா விதையை உள்ளங்கையில் நசுக்கினால் வரும் பூமணம் பெரும்பாலும் லினலூல். அதுவும், ரோஜாவின் ஜெரானியோலும் சேர்ந்துதான் மஸ்கட் வகைத் திராட்சைகளுக்கு அவற்றின் மணத்தைக் கொடுக்கின்றன. நாங்கள் உட்கார்ந்திருந்த பந்தலின் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்குப் பன்னீர் என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது. அவர் கையில் வாசனைச் சக்கரமும் இல்லை, ஆவி பிரிக்கும் கருவியும் இல்லை. பழத்தை வாயில் போட்டார், ரோஜாத் தண்ணீரின் மணம் வந்தது, அதையே பெயராகச் சொன்னார். வேதியியல் பின்னால் வந்து அவர் சொன்னது சரி என்றது. அந்தப் பெயரே ஓர் ஒயின் குறிப்புதான், ஒயின் செய்யாமலேயே.

இன்னும் உண்டு. குடைமிளகாயை நறுக்கும்போது வரும் பச்சை நெடி பைரசின் என்ற வகை மூலக்கூறு. கபர்னே சோவின்யோன் திராட்சை சரியாகப் பழுக்காமலோ வெயில் படாமலோ இருந்தால் அதே நெடி ஒயினில் தூக்கும். ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் பழையதாக ஆக ஆக மண்ணெண்ணெய் வாசனை வரும். அதைக் கெட்டுப்போனது என்று எண்ணிக் கொட்டிவிட வேண்டாம். திராட்சையின் மஞ்சள் நிறப்பொருள்கள் சிதைந்து பிறக்கும் டிடிஎன் என்ற மூலக்கூறு அது. ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்றவர்களுக்கு அந்த வாசனையை அடையாளம் காண ஒரு நொடி போதும்.

பாட்டில் வாங்கும்போது இதெல்லாம் எதற்குப் பயன்படும்? எனக்கு மிகவும் பயன்பட்ட ஒரே பாடம் இது: ஒவ்வொரு வாசனைக்கும் ஓர் ஆயுள் இருக்கிறது. ரோட்டண்டோன் உறுதியான மூலக்கூறு, ஆண்டுகள் போனாலும் நிற்கும். குளிர்ந்த இடத்து ஷிராஸ் நான்கு வருடம் பழையதாக இருந்தாலும் மிளகு எங்கும் போயிருக்காது. லினலூல் அப்படி இல்லை, மங்கிவிடும். மஸ்கட் ஒயினைப் புதிதாக வாங்கிப் புதிதாகக் குடிக்க வேண்டும். சோவின்யோன் பிளாங்கின் பழமணத்தில் ஒரு முக்கியமான பங்கு சில மாதங்களிலேயே சிதையத் தொடங்கும், ஆகவே கடையில் இருப்பதிலேயே இளைய ஆண்டைக் கேட்டு வாங்குங்கள். பழையது என்றால் உயர்ந்தது என்ற எண்ணம் பெரும்பாலான ஒயின்களுக்குப் பொருந்தாது. லேபிளில் திராட்சையின் பெயர், விளைந்த இடம், ஆண்டு மூன்றும் இருந்தால் பாட்டிலுக்குள் என்ன வாசனை இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். விலையை வைத்து அதை ஊகிக்க முடியாது.

நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பாட்டில் கடையில் எங்கே நின்றது? வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும். 13 டிகிரியில் படுக்க வேண்டிய பாட்டில் 35 டிகிரியில் நின்றால் அதன் வயது நான்கு மடங்குக்கு மேல் வேகமாக ஓடும். அப்படி ஓடுவது நல்ல முதுமையும் அல்ல, வெந்த பழத்தின் சுவைதான் மிஞ்சும். வெளிச்சமும் பகை. நிறமற்ற பாட்டிலில் ஒளி பட்டால் ஒயினில் உள்ள ரைபோஃப்ளேவின் தூண்டப்பட்டு, கந்தகப் பொருள்கள் உருவாகி, வேகவைத்த முட்டைக்கோஸின் நெடி வரும். கண்ணாடி அலமாரியில் விளக்குக்கு நேர் கீழே அழகாக நிற்கும் பாட்டிலை நான் வாங்குவதில்லை, பின்வரிசையில் நிற்பதைக் கேட்பேன்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எல்லா நூலும் சொல்லும். அந்த நூல்கள் சொல்லும் அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. நம் அறை 32. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முதலில் எழுந்து மூக்கைக் குத்தும், மற்ற மணங்கள் அதற்குப் பின்னால் மறைந்துபோகும். சிவப்பு ஒயினையும் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். திறந்த பாட்டிலை மூடி அங்கேயே வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெளியே விட்டால் காற்றும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைக் காடியாக்கிவிடும்.

சில பாட்டில்கள் திறக்கும்போதே ஊமையாக இருக்கும். பழமும் இல்லை, பூவும் இல்லை, மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் முடை நெடி மட்டும். அது டிசிஏ என்ற பொருளின் வேலை. கார்க் மரப்பட்டையில் பூஞ்சை உண்டாக்குவது, லிட்டருக்குச் சில நானோகிராமே போதும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் இதில் வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். டிசிஏ தன் நெடியைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை. மூக்கின் நரம்புசெல்கள் செய்தி அனுப்பும் வாயிலையே அடைத்து மற்ற வாசனைகளை அமுக்கிவிடுகிறது. அப்படிப்பட்ட பாட்டிலைத் தன் ரசனைக் குறை என்று நினைத்து மனம் தளர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயங்காமல் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ஒயின்காரர்கள் 2000-இல் கூட்டாகத் திருகுமூடிக்கு மாறியதற்கு இந்த நெடிதான் பெருங்காரணம். திருகுமூடி போட்ட ஒயின் மலிவான ஒயின் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: ஒயினில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சை நம்பி யாரும் குடிக்கத் தொடங்க வேண்டாம். நான் இங்கே எழுதிய இன்பத்தில் பெரும்பகுதிக்கு விழுங்கவே தேவையில்லை. தொழில்முறைச் சுவைஞர்கள் ஒரு நாளில் பல பத்து ஒயின்களை வாயில் வைத்துத் துப்பிவிடுகிறார்கள். என் அத்தை ஒரு சொட்டும் குடிக்காமல்தான் மிளகைக் கண்டுபிடித்தார்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன், ஆன் நோபலின் வகுப்பறை முறைதான். மணம் அதிகமில்லாத சாதாரண ஒயினை நான்கு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒன்றில் தட்டிய மிளகு இரண்டு, ஒன்றில் நசுக்கிய தனியா, ஒன்றில் வறுத்த வெந்தயம் நாலைந்து. நான்காவதில் எதுவும் வேண்டாம். தட்டு போட்டு மூடி அரைமணி நேரம் வையுங்கள். வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு முகருங்கள். மூன்று நாள் செய்தால் மூக்குக்கும் சொல்லுக்கும் நடுவே பாதை விழுந்துவிடும். குறிப்பேடு ஒன்றை வைத்து, வந்த சொல்லை வந்தபடி எழுதுங்கள், கழுவாத உரல் என்றால் கழுவாத உரல் என்றே.

மைத்துனன் ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தபோது அடுத்த பாட்டிலைத் திறந்தோம். இம்முறை என் மனைவி அதைத் தினத்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். அது நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதி சோவின்யோன் பிளாங்க் என்று எனக்குத் தெரியும். அவன் அதைப் பல மாதங்களுக்கு முன் வாங்கி வைத்ததால், என்ன ஒயின் என்று மறந்திருந்தான். இந்தத் திராட்சையின் மணம் பழத்தில் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. பழமாகத் தின்றால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்த மணத்தைத் தரும் கந்தக மூலக்கூறுகள் அமினோ அமிலத்தோடு கட்டுண்டிருக்கும், அவற்றை நொதிக்கும்போது ஈஸ்ட் அவிழ்த்துவிடுகிறது. போர்தோவில் துபூர்தியோவும், அவரோடு உழைத்த ஜப்பானியரான தகதோஷி தொமினாகாவும் 1990-களில் இதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். தயோல் என்று பெயர். இந்த வகை மூலக்கூறுகள் வேறு ஒரு பழத்திலும் இருக்கின்றன. எந்தப் பழம் என்று நான் வாய் திறக்கவில்லை.

மைத்துனன் கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றினான். மிளகு நாளைப்போல இரண்டாம் முறை இழுக்க வேண்டியிருக்கவில்லை.

"கொய்யா," என்றான். பிறகு கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "நம்ம கெணத்தடிக் கொய்யா மச்சான். அணில் கடிச்சுப் போட்டது."